முட்டை உடைந்ததற்கும் அழலாம்

குடியாத்தத்தில் அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். பிள்ளை அழுதால் என்ன செய்வது என்று கேட்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: அழுகையை நிறுத்தப் பார்க்காதீர்கள். எதற்கு அழுகிறது என்று உங்களுக்குப் புரிந்ததை முதலில் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

முட்டை போடும் நாளில் உரிக்கும்போதே ஒன்றிரண்டு பிளந்துவிடும். அது யார் தட்டுக்குப் போகிறதோ அந்தப் பிள்ளைக்கு உதடு பிதுங்கும். "எல்லாம் வயித்துக்குள்ளதான போவுது, துன்னு" என்றால் அழுகை இரட்டிப்பாகும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, "முழு முட்டை வரும்னு பாத்துக்கினு இருந்த, உடஞ்சி வந்துடுச்சா?" என்பேன். தலை ஆடும், மூக்கு உறிஞ்சும். அதோடு நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். உடனே "சரி, சாப்பிடு" என்று சேர்த்தால் முன்னே சொன்னது வீண். கொஞ்ச நேரத்தில் விரல் தானாக மஞ்சள் கருவைத் தோண்டும். வேறு முட்டை தரவே வேண்டியதில்லை.

பிள்ளை விழுந்தால் ஆயா தரையை நாலு சாத்து சாத்தி, "அடிச்சிட்டேன், அழுவாத கண்ணு" என்பார். பாசம்தான், குறை சொல்லமாட்டேன். ஆனால் முட்டி எரிவதைப் பற்றி யாரும் பேசவில்லையே! "எரியுதா?" என்று ஒரு வார்த்தை போதும்.

எதையும் செய்ய விட்டுவிடுவது என்று இதற்கு அர்த்தமில்லை. தங்கச்சிப் பாப்பாவைக் கிள்ளினால் கையைப் பிடித்து நிறுத்துங்கள். "அம்மா பாப்பாவையே தூக்கிக்கினு இருக்கேன்னு கோவமா? கோவம் வரட்டும், கிள்ளக்கூடாது." இதே வரிசையில் சொல்லுங்கள். கிள்ளாதே என்று ஆரம்பித்தால் மீதி காதில் ஏறாது.

வைகாசி முதல் நாள் கங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் மேளத்துக்கும் கூட்டத்துக்கும் மிரளும் பிள்ளைகள் உண்டு. "அம்மனைப் பாத்து யாராவது பயப்படுவாங்களா?" என்று முன்னால் தள்ளாதீர்கள். கிளம்பும்போதே சத்தம் பெரிதாக இருக்கும் என்று சொல்லிவையுங்கள். அங்கே மிரண்டால், "சத்தம் பயமா இருக்கா?" என்று தூக்கிக்கொண்டு தெரு ஓரத்துக்கு வந்துவிடுங்கள். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காலையில் விட்டுவிட்டுப் போகும்போது, பிள்ளை பார்க்காத நேரமாகப் பார்த்து நழுவுவதுதான் எனக்குப் பிடிக்காத பழக்கம். அடுத்த நாள் புடவைத் தலைப்பை விடவே விடாது. "அம்மா போனா உனக்கு அழுகை வருது. சாயந்திரம் வந்து கூட்டிக்கினு போறேன்" என்று முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போங்கள். அழும்தான். அழட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஷூ கம்பெனி வேலை முடிந்து இடுப்பு ஒடிய வருகிறவர்களுக்கு இத்தனை பொறுமைக்கு எங்கே போவது? அன்றைக்கு, "நீ ஏதோ சொல்ல வர, சோறு வடிச்சிட்டு வந்து கேக்கறேன்" என்று சொன்னாலும் போதும். வடித்ததும் போய்க் கேட்டுவிடுங்கள்.