தலையாட்டி பொம்மையைப் படம் எடுத்த கதை

தஞ்சாவூர் நடனப் பொம்மையைப் படம் எடுப்பதில் ரெண்டு தொல்லை. வார்னிஷ் பளபளப்பில் பல்பு அப்படியே வெள்ளைப் புள்ளியாக முகத்தில் விழும். அப்புறம், தலையும் இடுப்பும் தனித்தனியாக ஆடுகிற பொம்மை அது. ஃபேன் காற்றே போதும், படம் கலங்கிவிடும்.

முதலில் வெளிச்சம். பழைய அட்டைப்பெட்டியின் இரு பக்கமும் சன்னல் மாதிரி வெட்டி, ட்ரேசிங் பேப்பர் ஒட்டினேன். உள்ளே வெள்ளை சார்ட் பேப்பரை மடிக்காமல், பின்சுவரிலிருந்து தரை வரை வளைத்து விட்டேன். பின்னணியில் கோடு தெரியாது. வெளியே ஒரு பக்கம் 9 வாட் எல்இடி பல்பு. எதிர்ப்பக்கம் பல்பு வேண்டாம், வெளிச்சத்தைத் திருப்பிவிட ஒரு தெர்மாகோல் துண்டு போதும். ரெண்டு பக்கமும் சம வெளிச்சம் கொடுத்தால் மூக்கும் கன்னமும் தட்டையாகிவிடும், எனக்கு அது பிடிப்பதில்லை.

பல்பைப் பேப்பரை ஒட்டி வைத்தால் மறுபடி புள்ளிதான். ஒரு சாண் தள்ளி வைத்ததும் வெளிச்சம் பேப்பர் முழுக்கப் பரவி, கன்னத்தில் இருந்த புள்ளி மங்கலான பட்டையாக மாறியது. அறை டியூப்லைட்டை அணைத்துவிடுங்கள். ரெண்டு விதமான வெளிச்சம் கலந்தால் பட்டுப்பாவாடைச் சிவப்பு ஆரஞ்சாகப் போகும்.

ஆட்டத்துக்கு என்ன செய்வது? ஃபேனை நிறுத்தி, போனைப் புத்தக அடுக்கில் சாய்த்து, 10 விநாடி டைமர். தலை அடங்க அந்த நேரம் சரியாக இருந்தது. ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/50 விநாடியாக வைத்தேன். நம்மூர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் மலிவு எல்இடி துடித்தாலும், அந்த நேரத்துக்குள் துடிப்புகள் முழுசாக அடங்கிவிடுவதால் படத்தில் குறுக்கே இருண்ட பட்டை விழவில்லை.