போர்ஷன் வீடு வாங்குறீங்களா? பழைய ரசீத நம்பி வரிக்கணக்கு போடாதீங்க

கீழக்கரையில என் மச்சான் ஒரு வீடு பாத்தாரு, கீழ ரெண்டு போர்ஷன் மாடியில ரெண்டு போர்ஷன், வித்தவரு சொத்து வரி ரசீத நீட்டி "வெறும் 1,450 ரூவாதான் தம்பி"ன்னு சொல்ல, இவரும் வாடகையில அத கழிச்சு லாபக்கணக்கு போட்டு அட்வான்ஸ் குடுக்க கெளம்பிட்டாரு. ரசீத வாங்கி பாத்தா "முதல் அரையாண்டு"ன்னு இருக்கு. நகராட்சியில ஏப்ரல்-செப்டம்பருக்கு ஒரு தடவ, அக்டோபர்-மார்ச்சுக்கு ஒரு தடவ கட்டணும், ஆக 2,900.

அது சின்ன தப்பு. பெருசு என்னன்னா, நகராட்சி பதிவுல அந்த வீடு 1,100 சதுர அடின்னு இருக்கு, நாங்க டேப் புடிச்சு அளந்தா மாடியோட 2,100 வருது. மாடி கட்டுனதயே வரிக்கு காட்டல! அதே ரேட்டுல போட்டாலே வருசத்துக்கு 5,500 தாண்டுது, பேரு மாத்த மனு குடுத்து பில் கலெக்டர் வந்து அளந்தாருன்னா பழைய அரையாண்டுகளுக்கும் சேத்து உங்க தலையிலதான் விழும். வில்லங்கச் சான்று போட்டு பாத்தாச்சேன்னு நிம்மதியா இருக்காதீங்க, வரி பாக்கி அதுல வராது. சில வீட்டுல இதுக்கு நேர்மாறு, போர்ஷனுக்கு ஒரு வரிவிதிப்பு எண் இருக்கும், வித்தவரு ஒன்ன மட்டும் காட்டுவாரு.

2022க்கு முந்தின ரசீது காட்டுனா அத மடிச்சு அவருகிட்டயே குடுத்துடுங்க. அந்த வருசம் இங்க குடியிருப்புக்கு 600 சதுர அடி வரைக்கும் 25 சதவீதம், 1,200 வரைக்கும் 50, 1,800 வரைக்கும் 75, அதுக்கு மேல 100ன்னு ஏத்திட்டாங்க.

ராமேஸ்வரத்துல யாத்திரைக்கு வர்றவங்களுக்கு ரூம் விடலாம்னு நெனச்சு வாங்குறவங்க வீட்டு ரேட்டுல கணக்கு போடக்கூடாது, வணிக ரேட்டு வேற. முன்ரூம்ல பொட்டிக்கடை இருந்தாலும் அதான். பக்கத்து ஊரு ஃப்ரெண்டு கட்டுறத வச்சும் சொல்ல முடியாது, ராமேஸ்வரம் கீழக்கரை நகராட்சி, மண்டபம் தொண்டி பேரூராட்சி, மத்த கடக்கர ஊரு பெரும்பாலும் ஊராட்சி, எல்லாம் வேற வேற ரேட்டு. தண்ணி வரி தனி.

மச்சான் கடைசியில வித்தவர வச்சே மாடிக்கு வரி போட வச்சு பாக்கியையும் கட்ட வச்சிட்டுதான் பத்திரம் முடிச்சாரு. ரெண்டு மாசம் இழுத்துச்சு, அந்த ரெண்டு மாசமும் டீக்கடையில திட்டு வாங்குனது நான்தான்.