ஆண் உடம்பில் இன்பப் பகுதிகள்: தம்பதிகளுக்கு ஒரு தொடக்கச் செய்முறை

ஆணுக்கு இன்பம் என்றாலே ஆணுறுப்பு மட்டும்தான் என்ற நினைப்பு நம்மிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதனால் எல்லாம் அங்கேயே தொடங்கி, அவசரமாக அங்கேயே முடிந்தும் விடுகிறது. அந்த அவசரத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டால் ஆணுக்குக் கிடைக்கும் சுகம் இன்னும் கூடலாம்.

முதலில் ஒரு விதி. தொடக்கத்தில் சில நாட்கள் ஆணுறுப்பைத் தொடக் கூடாது, உடலுறவும் வேண்டாம். அமெரிக்கப் பாலியல் ஆய்வாளர்கள் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் வகுத்த தொடுதல் பயிற்சியின் அடிப்படையே இதுதான். 'விறைப்பு வருமா, நீடிக்குமா' என்ற பதற்றம்தான் பல ஆண்களின் இன்பத்தைக் கெடுக்கிறது. எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை என்று தெரிந்ததும் உடம்பு தளர்ந்துகொடுக்கும். இந்த விதியை மட்டும் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள்.

சரி, தயாராகலாம். அரைமணி நேரமாவது யாரும் கதவைத் தட்டாத பொழுதாகப் பாருங்கள். கூட்டுக் குடும்பத்தில் இது எளிதில்லைதான், ஆனாலும் அவசியம். இருவரும் குளித்து, நகம் வெட்டி, செல்போனை அணைத்துவிடுங்கள்.

கணவரைக் குப்புறப் படுக்கச் சொல்லுங்கள். உச்சந்தலையில் விரல்களை அளைந்து, காதுமடல், பிடரி, முதுகுத்தண்டு வழியாகக் கீழே வாருங்கள். எவ்வளவு மெதுவாக வருடுகிறீர்கள் என்பதுதான் இங்கே முக்கியம். முடியுள்ள தோலில் மென்மையான வருடலை உணர்வதற்கென்றே தனி நரம்பிழைகள் இருக்கின்றன. விநாடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடும்போதுதான் அவை நன்றாகத் தூண்டப்படுகின்றன. முழங்கையிலிருந்து மணிக்கட்டுக்கு வர ஏழெட்டு விநாடி எடுத்துக்கொண்டால் போதும். உள்ளங்கை, விரல்நுனி, உதடு, மூச்சுக்காற்று என்று மாற்றிப் பாருங்கள். எது பிடித்தது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பேசக் கூச்சமாக இருந்தால் உங்கள் கைமேல் தன் கையை வைத்து வழிகாட்டலாம்.

அப்புறம் மல்லாந்து படுக்கட்டும். கழுத்தோரம் முடிந்ததும் மார்புக் காம்புகள். அது பெண்ணுக்கு மட்டும் என்று நினைத்து இதைக் கேட்கவே வெட்கப்படும் ஆண்கள் உண்டு. அந்த வெட்கம் தேவையே இல்லை. சிலருக்கு அங்கே நாக்கு பட்டாலே சிலிர்க்கும், சிலருக்கு ஒன்றும் தோன்றாது, சிலருக்குக் கூசும். மூன்றுமே இயல்பு. கூசினால் விரல்நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையை அழுத்தமாக வையுங்கள். அடிவயிறு, இடுப்பெலும்பின் ஓரம், முழங்காலின் பின்பக்கம், உள்தொடை ஆகியவற்றில் உள்தொடைக்கு நிறைய நேரம் கொடுங்கள்.

சில நாட்கள் இப்படிப் பழகிய பிறகு ஆணுறுப்புக்கு வரலாம். அதன் நுனியான மொட்டின் அடிப்பக்கத்தில் முன்தோலை இணைக்கும் சிறு மடிப்புதான் பலருக்கு மிக நுண்ணிய இடம். சுன்னத்து செய்தவர்களுக்கு அந்த மடிப்பு இல்லாமலும் போயிருக்கலாம், அப்போதும் அந்த இடத்தில் உணர்ச்சி இருக்கும். முன்தோல் பின்னால் வராவிட்டால் இழுக்காதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். விதைப்பையை உள்ளங்கையில் தாங்கிப் பிடித்தால் போதும், அழுத்தினால் வலிக்கும். விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் இடைப்பட்ட பகுதியைப் பலரும் கண்டுகொள்வதே இல்லை. அங்கே விரலின் தட்டையான பக்கத்தால் மெல்ல அழுத்திப் பாருங்கள், ஆழத்தில் ஒரு சுகம் தெரியலாம்.

ஆணுறை போடுவதாக இருந்தால் தேங்காய் எண்ணெய், வாசலின் வேண்டவே வேண்டாம். சாதாரண லேடெக்ஸ் ஆணுறை அதில் நைந்து கிழிந்துவிடும். மருந்துக்கடையில் கிடைக்கும் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட (water-based) வழுவழுப்பு ஜெல் போதும். விந்து வெளியான பிறகு மொட்டைத் தொட்டால் பலருக்குத் தாங்காது, கையை எடுத்துவிடுங்கள்.

இடையில் விறைப்பு போய்ப் போய் வருவது சாதாரணம், வருடுவதை நிறுத்த வேண்டாம். மாதக்கணக்கில் விறைப்பே சரியாக வராவிட்டால் லேகிய விளம்பரங்களை நம்பாமல் டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை நோயோ இதயக் கோளாறோ முதலில் இப்படியும் தலைகாட்டலாம்.