சூசையப்பரைப் புதைப்பதற்கு முன் 811-க்கு ஒரு போன்

நியூ ஜெர்சியில் எங்கள் வீட்டு முன்னால் விற்பனைப் பலகை நட்டு எட்டு வாரம் ஆகியிருந்தது. குப்பைத்தொட்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த என்னிடம் எதிர்வீட்டு இத்தாலியப் பாட்டி கேட்டார்: “சூசையப்பரைப் புதைத்தாயிற்றா?” பால் வாங்கியாச்சா என்று கேட்பது மாதிரி அவ்வளவு சாதாரணமாக. நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு, கையால் குழி தோண்டிக் காட்டினார். அப்புறம் கட்டைவிரலைக் கீழ்நோக்கிக் கவிழ்த்தார். இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரின் சுரூபத்தை, அதாவது சிலையை, தலைகீழாகப் புதைத்தால் வீடு சீக்கிரம் விற்றுவிடுமாம்.

2022 இலையுதிர் காலம் அது. முந்தைய வருஷம் 3 சதவீதத்துக்குக் கீழே கிடைத்த 30 வருஷ வீட்டுக்கடன் வட்டி, அக்டோபர் கடைசியில் 7 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. வீடு பார்க்க வந்தவர்கள் நல்லாயிருக்கு, நல்லாயிருக்கு என்று சொல்லிவிட்டுப் போனார்கள், திரும்பி வரவில்லை. என் கணவர் வேலை மாறி வட கரோலினாவில் இருக்கும் ஷார்லட் நகரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார். அங்கே வாடகை, இங்கே கடன் தவணை. அந்த நிலைமையில் பாட்டி சொன்னது எனக்குச் சிரிப்பாகத் தெரியவில்லை.

அமெரிக்காவில் இது ஊரறிந்த பழக்கம். கத்தோலிக்கர் அல்லாதவர்கள்கூடச் செய்கிறார்கள். நான்கு அங்குலப் பிளாஸ்டிக் சுரூபம், ஒரு செப அட்டை, செய்முறைத் தாள் மூன்றையும் ஒரு பெட்டியில் போட்டு விற்கிறார்கள். விற்பனைப் பலகைக்குப் பக்கத்தில் குழி தோண்டி, அவரைத் தலைகீழாக, முகம் வீட்டைப் பார்க்க வைத்து மூடவேண்டும். வீடு விற்றதும் தோண்டி எடுத்து, புது வீட்டில் நல்ல இடம் கொடுத்து வைக்கவேண்டும். முகம் தெருவைப் பார்க்க வேண்டும் என்று ஒரு கட்சி உண்டு. படுக்கவைத்துக் காலை வீட்டுப் பக்கம் நீட்ட வேண்டும் என்று இன்னொரு கட்சி. ஏன் தலைகீழாக என்று பாட்டியிடம் கேட்டேன். “நிமிர்ந்து நிற்கவேண்டும் என்ற அவசரத்தில் வேலையைச் சீக்கிரம் முடிப்பார்” என்றார்.

அன்றைக்கு ராத்திரி தூத்துக்குடிக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன்.

“ஏட்டி, கோட்டி கீட்டி பிடிச்சிருக்கா ஒனக்கு? நல்ல மரணத்துக்குப் பாதுகாவலர்ட்டி அவரு. அவரப் போயி தலைகீழா நட்டு வைப்பாங்களா?”

அம்மா சொன்னதில் நியாயம் இருந்தது. கையில் லீலி மலரோடு நிற்கிறவரைத் தொட்டு முத்தமிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு வளர்ந்த நமக்கு, சுரூபம் சாய்ந்து கிடந்தாலே மனசு பதறும். அதனால் கொஞ்சம் விசாரித்துப் பார்த்தேன். இந்தப் பழக்கத்துக்கு மூலமாக இரண்டு கதைகள் சொல்கிறார்கள். ஒன்று, 16-ஆம் நூற்றாண்டு ஸ்பெயினில் அவிலா தெரசம்மாள் என்ற கன்னியாஸ்திரி மடம் கட்ட இடம் தேடியபோது சூசையப்பர் பதக்கங்களைப் புதைக்கச் சொன்னாராம். பதக்கக் கதை எப்படியோ, 1562-இல் அவர் நிறுவிய முதல் மடத்துக்குச் சூசையப்பர் பெயரைத்தான் வைத்தார். அது வரலாறு. இன்னொன்று, கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஒரு கல்லூரியின் வாசல்காப்பாளராக இருந்த அருட்சகோதரர் ஆந்த்ரே பெசெட். கல்லூரிக்கு எதிரே இருந்த மவுண்ட் ராயல் மலைச்சரிவு கிடைக்கவேண்டும் என்று அங்கே சூசையப்பர் பதக்கங்களைப் போட்டுவைத்தாராம். 1896-இல் நிலம் அவர்கள் சபைக்குக் கிடைத்தது. 1904-இல் சின்னதாக ஒரு சிற்றாலயம் கட்டினார்கள். இன்று அங்கே நிற்பது பிரம்மாண்டமான பேராலயம். பெசெட்டுக்கு 2010-இல் புனிதர் பட்டம் கொடுத்தார்கள்.

இரண்டு கதையிலும் கவனித்தீர்களா? அவர்கள் கேட்டது இடம் வாங்க, விற்க அல்ல. புதைத்ததும் பதக்கம்தான், சுரூபம் அல்ல. யாரும் யாரையும் தலைகீழாக நிறுத்தவும் இல்லை. பிரேசிலில் கல்யாணம் ஆகாத பெண்கள் அந்தோணியார் சுரூபத்தைத் தலைகீழாக வைத்து, மாப்பிள்ளை கிடைத்ததும் நிமிர்த்துவார்கள். அந்த வாசனை இங்கேயும் எப்படியோ ஒட்டிக்கொண்டது என்று நினைக்கிறேன். புனிதரை மிரட்டி வேலை வாங்குவது எனக்கு ஒவ்வவில்லை. பங்குச் சாமியாரிடம் கேட்டேன். திருச்சபையின் மறைக்கல்வி நூலில் 2111-ஆம் எண்ணைப் படித்துப்பாருங்கள் என்றார். மனசு இல்லாமல் வெளிச் சடங்கே பலன் தரும் என்று நம்பினால் அது மூடநம்பிக்கை என்கிறது அது. “செபம் பண்ணுங்கள். புதைப்பது உங்கள் இஷ்டம். ஆனால் அவர் தலையில் நிற்பதால்தான் வீடு விற்கும் என்று நினைக்காதீர்கள்” என்றார்.

கடைசியில் அம்மாவும் நானும் ஒரு சமரசத்துக்கு வந்தோம். புதைக்கலாம். ஆனால் நிமிர்த்தி, சுத்தமான துணி சுற்றி, முகம் தெருவைப் பார்க்க. “வாங்க வாறவுகள அவரு பாக்கட்டும்” என்றாள் அம்மா. நீங்களும் செய்வதாக இருந்தால் நான் செய்த விதத்தைச் சொல்கிறேன்.

முதலில் சுரூபம். ஊரிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்டர் சுரூபத்தைத் தயவுசெய்து புதைக்காதீர்கள். ஒரு மழைக்கு ஊறி, விரல் உதிர்ந்து, வர்ணம் கரைந்துவிடும். பிளாஸ்டிக்கே போதும். நான் வாங்கியது 10 டாலருக்கு உள்ளேதான். பூசை முடிந்ததும் சாமியாரிடம் கொடுத்து மந்திரித்துக்கொண்டேன். பழைய வெள்ளைக் கைக்குட்டை ஒன்றில் சுற்றி, ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டேன். பை எதற்கு என்று பாட்டி சிரித்தார். மூன்று மாதம் கழித்துத் தோண்டியபோது அதன் அருமை தெரிந்தது.

அடுத்தது பலரும் விட்டுவிடுகிற விஷயம். அமெரிக்காவில் மண்ணைத் தோண்டுவதற்குச் சில நாள் முன்பே 811 என்ற எண்ணைக் கூப்பிட்டுச் சொல்லவேண்டும். மண்ணுக்கு அடியில் குழாயும் கம்பியும் எங்கே ஓடுகின்றன என்று வந்து அடையாளம் போட்டுக் காட்டுவார்கள். காசு கிடையாது. “எதற்காகத் தோண்டுகிறீர்கள்?” என்று போனை எடுத்த பெண் கேட்டார். சூசையப்பர் என்று சொல்ல வெட்கமாக இருந்தது, செடி நட என்று சொல்லிவிட்டேன். (இந்தப் பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னேனா என்று கேட்காதீர்கள்.) ஆள் வந்து புல்லின்மேல் வர்ணம் அடித்து, குட்டிக் கொடிகள் நட்டுவிட்டுப் போனார். மஞ்சள் என்றால் எரிவாயு, சிவப்பு மின்சாரம், நீலம் குடிதண்ணீர், ஆரஞ்சு தொலைபேசி, இணையக் கம்பி, பச்சை சாக்கடை. எங்கள் பலகைக்கு ஒன்றரை அடி தள்ளி மஞ்சள் கோடு ஓடியது. பாட்டி காட்டிய இடம் கிட்டத்தட்ட அதன் மேலேயே இருந்தது. நான் பலகைக்கு மறுபக்கம் மாறிக்கொண்டேன்.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கும், முற்றம் பொதுச் சங்கத்துக்குச் சொந்தமான இடங்களில் இருப்பவர்களுக்கும் பூந்தொட்டி போதும். மண்ணே வேண்டாம் என்றால் தெருவைப் பார்த்த ஜன்னலில் நிறுத்திவையுங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

குழி ஒரு முழ ஆழம் போதும், நாய் கிளறாது. வெட்டிய புல்லை அப்படியே பத்தையாக எடுத்துவைத்து, கடைசியில் மேலே பொருத்தி மிதித்துவிடுங்கள். வீடு பார்க்க வருகிறவர் கண்ணில் புது மேடு பட்டால் எதையோ புதைத்து மறைக்கிறார்கள் என்று நினைப்பார். உண்மையும் அதுதானே.

செபத்துக்குப் புதன்கிழமை தொடங்கினேன். புதன் அவருக்கு உரிய நாள். ஒன்பது நாள் நவநாள், தினமும் மன்றாட்டுமாலை. அம்மா அங்கே விடிகாலையில் வாட்ஸப்பில் பழைய செபப்புத்தகத்தைப் பார்த்து அவருடைய புகழுரைகளை ஒவ்வொன்றாகச் சொல்வாள். நான் இங்கே சாயங்காலம் பாத்திரம் கழுவிக்கொண்டே “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” சொல்வேன். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் இந்த மன்றாட்டுமாலையில் ஏழு புகழுரைகளைப் புதிதாகச் சேர்த்தார். நாடு விட்டுப் போனவர்களின் பாதுகாவலரே என்பது அதில் ஒன்று. அம்மாவின் புத்தகத்தில் அது கிடையாது. கடைசியில் நானாகச் சேர்த்துச் சொன்னேன். பெத்லகேமில் இடம் கிடைக்காமல் அலைந்து, ராத்திரியோடு ராத்திரியாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடி, மறுபடி நாசரேத்துக்குத் திரும்பிய மனிதர். வீடு மாற்றும் கஷ்டத்தை அவரிடம் விளக்கிச் சொல்லவேண்டியதே இல்லை.

இன்ன விலைக்கு விற்றுத்தாரும் என்று மட்டும் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் தொடங்கினேன். மூன்றாம் நாள் எனக்கே கூச்சமாகிவிட்டது. அப்புறம், வரப்போகிற குடும்பத்துக்காக வேண்டிக்கொள்ள ஆரம்பித்தேன். யாரென்று தெரியாத ஒருத்தி என் அடுப்படியில் நிற்பதை நினைத்தபோதுதான் பேஸ்மென்ட் ஞாபகம் வந்தது. பெரிய மழை பெய்தால் மூலையில் ஈரம் கசியும். விற்பனைத் தாளில் அதை எழுதியிருந்தோம், ஆனால் சரிசெய்யவில்லை. அந்த வாரமே ஆள் வைத்துச் சரிசெய்தேன். ஏஜென்ட் இரண்டு மாதமாகச் சொல்லிவந்த விலைக்குறைப்புக்கும் தலையாட்டினேன். 15,000 டாலர்.

ஏஜென்ட் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: சாமி படங்களை எடுத்துவிடுங்கள், பார்க்க வருகிறவர்கள் தங்கள் வீடாக நினைத்துப்பார்க்கவேண்டும். கூடத்தில் இருந்த திருஇருதய ஆண்டவர் படம், வேளாங்கண்ணி மாதா, எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் போனார்கள். அந்த மூன்று மாதமும் எங்கள் வீட்டில் வேலையில் இருந்த ஒரே ஆள், மண்ணுக்குள் இருந்தவர்தான்.

டிசம்பர் இரண்டாம் வாரம் ஒரு குடும்பம் கேட்டது. நியூ ஜெர்சியில் கையெழுத்துக்குப் பிறகு வக்கீல்கள் பார்ப்பதற்கு மூன்று வேலை நாள் உண்டு. அது முடிந்து, வீட்டுப் பரிசோதனையும் தாண்டியது. விற்றது சூசையப்பரா, 15,000 டாலரா என்று கணவர் கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

பிப்ரவரியில் பத்திரம் முடிவதற்கு மூன்று நாள் முன்னால் ஏஜென்டின் ஆள் வந்து பலகையைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். குழியையும் அழகாக மூடிவிட்டார். என் அடையாளமோ “பலகைக்கு இடப்பக்கம் இரண்டு அடி” என்பதுதான். 811-காரர் அடித்த வர்ணமும் எப்போதோ மறைந்துவிட்டது. மாலை இருட்டில் போன் வெளிச்சத்தோடு கரண்டியும் கையுமாக நான்கு இடத்தில் தோண்டினேன். பாட்டி தன் ஜன்னலில் நின்று இன்னும் வலப்பக்கம், இன்னும் வலப்பக்கம் என்று கை காட்டிக்கொண்டிருந்தார். ஐந்தாவது குழியில் பை தட்டுப்பட்டது. ஆகவே, புதைத்த அன்றே வீட்டு வாசல்படி, சுவர் மூலை மாதிரி நகராத இரண்டு இடங்களிலிருந்து அளந்து, எழுதி, போட்டோவும் எடுத்துவையுங்கள்.

எடுக்காமல் விட்டுப் போனால் அடுத்தவர் வீட்டையும் விற்கவைத்துவிடுவார் என்று பாட்டி பயமுறுத்தினார். அது வேடிக்கை. ஆனால் நேர்ந்துகொண்டதைப் பாதியில் விட்டுப்போக எனக்கு மனசு வரவில்லை. ஷார்லட் வீட்டில் அடுப்படி அலமாரியில் அவர் நிற்கிறார். முதல்நாள் வீடியோவில் காட்டியபோது, “மொதல்ல அவரக் குளிப்பாட்டி விடுட்டி” என்றாள் அம்மா. மார்ச் 19 திருநாளுக்கு நியூ ஜெர்சியில் இத்தாலிய பேக்கரிகளில் ஸெப்போலே என்ற பலகாரம் வரும். இங்கே நான் தேடிய கடைகளில் கிடைக்கவில்லை, அதனால் பணியாரம் சுட்டேன்.

போன மாதம் பழைய தெருவிலிருந்து குஜராத்தி அண்ணா ஒருவர் கூப்பிட்டார். அவரும் வீடு விற்கிறாராம். “உங்க சாமியைக் கொஞ்சம் அனுப்ப முடியுமா?” என்றார். எங்களவர் வரமாட்டார், புதிதாக ஒருவரை வாங்கிக்கொள்ளுங்கள், எதிர்வீட்டுப் பாட்டி இடம் காட்டுவார் என்றேன். பாட்டி காட்டுகிற இடத்தில் தோண்டுவதற்கு முன்னால் 811-க்குப் போன் போடுங்கள் என்றும் சொன்னேன்.