உங்கள் ஊர் பேண்டு செட்டின் வரலாற்றை எழுதுவது எப்படி?

காரைக்குடிப் பக்கம் வரலாறு எழுதுகிறேன் என்று நோட்டும் பேனாவுமாகக் கிளம்பினால் முதலில் கிடைப்பது வீட்டுப் பெருமைதான். எத்தனை கட்டு, பர்மாத் தேக்கில் எத்தனை தூண் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். அந்த வீட்டு மாப்பிள்ளை அழைப்பில் முன்னால் வாசித்துக்கொண்டு போனது யார் என்று கேட்டால் மட்டும் "பேண்டு செட்டுக்காரங்க" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். என் அப்பா அந்த ஊர்வலங்களில் யூஃபோனியம் என்ற பெரிய பித்தளைக் குழல் வாசித்தவர். அதனால் எனக்கு இதில் பட்சபாதம் உண்டு. வாசித்தவர் பெயரை முதலில் எழுதுங்கள். வாசிக்கச் சொன்னவர் பெயர் தானாக வந்து சேரும்.

இந்த வேலையை நன்றாகச் செய்தவர்கள் வேல்ஸ் நாட்டுக்காரர்கள். அங்கே மெர்தர் டிட்வில் ஊரில் ராபர்ட் தாம்சன் கிராஷே என்ற இரும்பாலை முதலாளி 1838-இல் தன் செலவில் கவார்த்வா என்ற பித்தளை வாத்தியக் குழுவைத் தொடங்கினார். அந்தக் குழுவினர் கையால் எழுதி வைத்து வாசித்த இசை ஏடுகள் இன்றும் கவார்த்வா கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்து வாசித்துப் பிற்காலத்தில் ஒலிப்பதிவே செய்துவிட்டார்கள். நம் ஆட்களின் நொட்டேஷன் நோட்டுகள் பழைய பேப்பர் கடைக்குப் போன கதை உங்களுக்கே தெரியும்.

ரோண்டா பள்ளத்தாக்கில் டான் பென்ட்ரே என்று ஒரு நிலக்கரி ஊர். 1884-இல் அங்கே ஒரு குழு சேர்ந்தது. மதுவிலக்கு இயக்கத்தார் குழு அது. (நம் பேண்டு மாஸ்டர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள்.) 1895-இல் நிலக்கரி முதலாளி கிளிஃபர்ட் கோரி பண உதவி செய்ய முன்வந்ததும் குழுவின் பெயரே கோரி என்று ஆகிவிட்டது. 1982, 1983, 1984 என மூன்று ஆண்டும் தொடர்ந்து பிரிட்டனின் தேசியப் பட்டத்தை அது வென்றது. இன்னொரு பள்ளத்தாக்கின் டிரெடிகர் ஊர்க் குழு 2010-லும் 2013-லும் பிரிட்டிஷ் ஓப்பன் பேண்டுப் போட்டியில் முதலிடம் பெற்றது. எல்லாக் குழுக்களும் ஒரே உருப்படியைத்தான் வாசிக்க வேண்டும். எந்தக் குழு வாசிக்கிறது என்று தெரியாதபடி நடுவர்களை மறைப்புக்குள் உட்கார வைத்திருப்பார்கள். முடிவு பத்திரிகையில் வரும். 1919 வரையிலான வேல்ஸ் பத்திரிகைகளை அந்நாட்டுத் தேசிய நூலகம் இணையத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறது. அங்கே வரலாறு எழுத உட்காருகிறவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

நமக்குக் கோப்பையும் கிடையாது, நடுவரும் கிடையாது. கணக்கு இருக்கிறது. நகரத்தார் வீட்டில் கணக்கு எழுதாத கல்யாணம் உண்டா? ஆனால் சரியான ஏட்டைக் கேட்க வேண்டும். இசைகுடிமானம் என்ற கல்யாண ஒப்பந்த ஏட்டையும் மொய்ப்பண ஏட்டையும் புரட்டிப் பயனில்லை. அவற்றில் பேண்டு வராது. "ஆச்சி, கல்யாணச் செலவு எழுதின சிட்டை இருந்தாக் காட்டுங்க" என்று கேளுங்கள். மேளம், பேண்டு, பெட்ரோமாக்ஸ் எல்லாம் வரிசையாக வந்துவிடும். பெயர் இருக்காது, தொகையும் தேதியும் இருக்கும். அது போதும். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்துவைத்தவற்றில் கல்யாணப் பத்திரிகைகளும் உண்டு. அவர் சேகரிப்பு இப்போது சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகமாக இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.

அடுத்தது புகைப்படம். முகத்தைப் பார்க்கும் முன் பெரிய டிரம்மைப் பாருங்கள். செட்டின் பெயரும் ஊரும் அதில் பெயின்ட்டில் எழுதியிருக்கும். நோட்டீசோ ரசீதோ கிடைத்தால் மாவட்டத்தைக் கவனியுங்கள். இராமநாதபுரம் மாவட்டம் என்றிருந்தால் பெரும்பாலும் 1985-க்கு முந்தியது. பசும்பொன் என்று தொடங்கினால் அதற்கும் 1997-க்கும் இடைப்பட்டது. சிவகங்கை மாவட்டம் என்றால் அதற்குப் பின். வாத்தியம் யார் வீட்டுப் பரணிலாவது கிடந்தால் அதன் விரிந்த வாய்ப்பக்கத்தில் (ஊதும் பக்கத்தில் அல்ல) இருக்கும் கம்பெனி முத்திரையைத் துடைத்துப் படியுங்கள். பூசி அண்ட் கோ என்றிருந்தால் லண்டன் சரக்கு, 1930-க்கு முன்னே செய்தது. பூசி அண்ட் ஹாக்ஸ் என்றால் இரண்டு கம்பெனிகளும் 1930-இல் இணைந்த பிறகு வந்தது. மீரட் என்றிருந்தால் நம் நாட்டிலேயே செய்தது. வெள்ளைக்காரன் படை விட்டுப்போன வாத்தியம் என்று வீட்டுக்கு வீடு ஒரு கதை சொல்வார்கள். முத்திரையைப் பார்க்காமல் அதை எழுதாதீர்கள்.

கிளாரினெட் எங்கே என்றும் கவனியுங்கள். வேல்ஸ் குழுவில் அது கிடையாது. கார்னெட் முதல் பெரிய பாஸ் வரை 25 பித்தளை வாத்தியமும் தாள வாத்தியங்களும்தான். நம் செட்டில் ராகம் இழுப்பதே கிளாரினெட்தான் என்பதால் "பிராஸ் பேண்டு" என்று தலைப்புப் போட்டால் அந்த மனிதரை வெளியே நிறுத்தியது போல் ஆகும்.

பெரியவர்களிடம் பேசும்போது "எந்த வருஷம்?" என்று கேட்காதீர்கள், அவர்கள் தடுமாறுவார்கள். "அப்ப எந்தப் படத்துப் பாட்டுக்கு ஏகப்பட்ட கிராக்கி, மாஸ்டர்?" என்று கேட்டால் படத்தின் பெயர் வரும், நாம் வருஷத்தைப் பார்த்துக்கொள்ளலாம். அடுத்து கூலி. தலைக்கு எவ்வளவு, மாஸ்டருக்கு எவ்வளவு, சாப்பாடு எந்தப் பந்தியில், திரும்பி வர வண்டி கொடுத்தார்களா என்று கேளுங்கள். சாப்பாட்டுக் கேள்விக்குச் சிலர் சட்டென்று பதில் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்த வேண்டாம், ஆனால் அந்த மௌனத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் அந்த ஒரு வரிக்காகவே புத்தகம் போடலாம்.

சாதனை என்ற அத்தியாயத்துக்கு என்ன எழுதுவது என்று முழிக்க வேண்டாம். கொப்புடையம்மன் திருவிழாவுக்கோ குன்றக்குடிப் பங்குனி உத்திரத்துக்கோ தொடர்ந்து எத்தனை வருஷம் அழைத்தார்கள், ஒரே வீட்டில் அப்பா கல்யாணத்துக்கும் மகன் கல்யாணத்துக்கும் வாசித்தார்களா என்று பட்டியல் போடுங்கள். பிடிக்காத செட்டை இந்த ஊரில் இரண்டாம் முறை கூப்பிட மாட்டார்கள்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் பெயர்ப் பட்டியலை மட்டும் தனித்தாளில் எழுதி, உயிரோடிருக்கும் வாசிப்பாளர்களிடம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். இன்ஷியல் தப்பும், ஒரே பெயரில் இரண்டு டிரம்பெட்காரர் இருந்ததும் அப்போதுதான் தெரியவரும்.