பல்கேரியத் தளபதிகளைப் பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1912 முதல் 1918 வரையிலான ஆறே ஆண்டுகளில் பல்கேரியா மூன்று போர்களில் இறங்கியது. உதுமானியப் பேரரசுக்கு எதிரான முதல் பால்கன் போரில் வென்றது. அடுத்து வந்த இரண்டாம் பால்கன் போர், முதல் உலகப் போர் ஆகிய இரண்டிலும் தோற்றது. இந்தப் போர்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் சறுக்குவது போர்க்கள விவரங்களில் அல்ல. தேதி, ஊர்ப்பெயர், பதவி ஆகிய மூன்றில்தான்.

தேதியே முதல் கண்ணி. பல்கேரியா 1916 வரை ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது; அந்த ஆண்டு மார்ச் 31க்கு மறுநாளை ஏப்ரல் 14 என்று எண்ணிப் புதிய நாட்காட்டிக்கு மாறியது. ஆகவே பால்கன் போர்க்காலப் பல்கேரிய ஆவணத்தில் உள்ள தேதியோடு 13 நாட்களைக் கூட்டினால்தான் நமக்குப் பழக்கமான தேதி கிடைக்கும். இதைக் கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ராடுல் மில்கோவ், புரோடான் தரக்சீவ் என்ற இரு விமானிகள் அல்பட்ராஸ் விமானத்தில் பறந்து, உதுமானியர் வசமிருந்த அட்ரியானோபிள் நகரை அடுத்த கராகாச் ரயில் நிலையத்தின் மீது குண்டு போட்ட நாள் 1912 அக்டோபர் 16 என்று குறிக்கப்படுவதுண்டு. ஆனால் பல்கேரியா உதுமானியப் பேரரசின் மீது போர் அறிவித்ததே அக்டோபர் 18 அன்றுதான் என்கிறபோது, போருக்கு இரண்டு நாள் முன்பே குண்டு விழுந்ததாகிவிடும்! முன்னது பழைய கணக்கு, பின்னது புதிய கணக்கு. குண்டு விழுந்தது உண்மையில் அக்டோபர் 29 அன்று. உலகில் விமானத்திலிருந்து போடப்பட்ட முதல் குண்டு என்று இதைச் சொல்வதும் சரியன்று. 1911 நவம்பர் 1 அன்றே இத்தாலிய விமானி ஒருவர் லிபியாவில் அதைச் செய்துவிட்டார்.

ஊர்ப்பெயர்களைப் பொறுத்தவரை, அட்ரியானோபிள், எடிர்னே, ஓட்ரின் மூன்றும் ஒரே நகரம் என்பதையும், கிர்க் கிலிஸ்ஸேயைத்தான் பல்கேரியர் லோசென்கிராட் என்றார்கள் என்பதையும் நினைவில் வைத்தால் போதும். 1913 மார்ச் 26 அன்று அட்ரியானோபிளைக் கைப்பற்றிய முற்றுகைக்குத் தலைமை தாங்கியவர் நிகோலா இவானோவ் என்றாலும், அவரோடு செர்பியப் படைகளும் அங்கே நின்றன என்பதை விட்டுவிடுவது நியாயமாகாது.

பதவிக் குழப்பம் இன்னும் ஆழமானது. மிகயில் சாவோவைத் தலைமைத் தளபதி என்று எழுதிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்கு உரியவர் மன்னர் ஃபெர்டினாண்ட். சாவோவ் அவருடைய துணைத் தளபதி, தலைமைப் படை அலுவலகத்துக்குத் தலைவராக இருந்தவர் இவான் ஃபிச்சேவ். இந்த வேறுபாடு வெறும் பட்டப்பெயர்ச் சிக்கல் என்று தோன்றலாம். ஆனால் 1913 ஜூன் 29 இரவு செர்பிய, கிரேக்கப் படைகளின் மீது தாக்குதல் தொடங்கியதே இரண்டாம் பால்கன் போருக்கும், அதன் வழியே அட்ரியானோபிளையே உதுமானியரிடம் திரும்ப இழப்பதற்கும் காரணமாயிற்று. அந்த ஆணையைப் பிறப்பித்தவர் சாவோவ், அதன் பின்னால் இருந்தவர் மன்னர். பதவி பறிபோனது சாவோவுக்கு மட்டும்தான். தளபதி ஒருவரின் அவசரபுத்தியால் நேர்ந்த தோல்வி என்று முடித்துவிட்டால், அரண்மனை தப்பித்துக்கொள்ளும்.

சாவோவின் இடத்துக்கு வந்த ராத்கோ டிமித்ரியேவ், முதல் பால்கன் போரின் லூலே புர்காஸ் வெற்றியில் பெயர் பெற்றவர். முதல் உலகப் போரில் பல்கேரியா ஜெர்மனியின் பக்கம் நின்றதால் அதன் தளபதிகள் எல்லோரும் அந்தப் பக்கமே நின்றார்கள் என்று கருதினால் இவரைத் தவறாக எழுத நேரும். 1914இல் ரஷ்யப் படையில் சேர்ந்த டிமித்ரியேவ், அங்கே ஒரு முழுப்படைக்கே தலைமை ஏற்று, 1918இல் போல்ஷெவிக்குகளால் கொல்லப்பட்டார்.

வாசோவ் என்ற குடும்பப் பெயரை மட்டும் எழுதுவதும் ஆபத்து. அட்ரியானோபிளின் கிழக்குப் பகுதியைத் தாக்கியவர் கெயோர்கி வாசோவ். முதல் உலகப் போரின் இறுதியில், 1918 செப்டம்பரில், மாசிடோனியப் போர்முனையின் டோய்ரானில் பிரிட்டிஷ், கிரேக்கப் படைகளைத் தடுத்து நிறுத்தியவர் அவருடைய தம்பி விளாடிமிர் வாசோவ். இருவருமே எழுத்தாளர் இவான் வாசோவின் உடன்பிறந்தவர்கள்.

அந்த டோய்ரான் வெற்றியை வைத்து, பல்கேரியப் படை களத்தில் தோற்கவே இல்லை என்று பெருமை பேசுவோரும் உண்டு. டோய்ரானுக்கு மேற்கே டோப்ரோ போலேயில் அதே மாதம் 15ஆம் தேதி பிரெஞ்சு, செர்பியப் படைகள் பல்கேரிய அணியை உடைத்துவிட்டன. தலைமைத் தளபதி நிகோலா ஜெகோவ் அப்போது காது சிகிச்சைக்காக வியன்னாவில் இருந்தார். பொறுப்பு கெயோர்கி தோதோரோவின் கையில் இருந்தது. செப்டம்பர் 29 அன்று பல்கேரியா போர்நிறுத்தத்தில் கையொப்பமிட்டது. அதற்குப் பத்து நாட்களுக்கு முன்புதான் விளாடிமிர் வாசோவ் டோய்ரானில் வென்றிருந்தார்.