முதல்முறை தீம் பார்க் ரிசார்ட்டுக்குப் போகும் குமரிக் குடும்பங்களுக்கு: மார்த்தாண்டத்திலிருந்து பிடதி வரை, படிப்படியாக

நான்கு வருடத்துக்கு முன் வேறொரு ஊரில் ஒரு பூங்காவுக்குப் போயிருந்தோம். வாசலில் மரப்பலகையில் ஒரு கோடு வரைந்திருந்தது. என் மகள் அந்தக் கோட்டின் அடியில் போய் நின்று, குதிகாலைத் தூக்கி, கழுத்தையும் நீட்டிப் பார்த்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது. அங்கே நின்ற பையன் வருத்தத்தோடு தலையை ஆட்டினான். அண்ணன் மட்டும் உள்ளே போனான். அன்று முழுவதும் அவள் சிரிக்கவில்லை. ஊர் திரும்பும்வரை அந்த முகம் என் மனதைவிட்டுப் போகவில்லை.

அந்த நாளுக்குப் பிறகு, எங்கு போனாலும் ஆளை வைத்துத்தான் திட்டம் போடுகிறேன். யார் வருகிறார்கள், அவர்களால் எது முடியும் என்பது முதலில். எந்த ரைடு என்பது அப்புறம். பக்கத்து வீட்டு மைனி முதல் அலுவலகத்தில் கூட வேலை செய்பவர்கள் வரை, "பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எப்படிப் போனீர்கள்?" என்று பலர் கேட்டுவிட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதையே இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நாங்கள் போனது பெங்களூருவுக்குப் பக்கத்தில் பிடதியில் இருக்கும் வொண்டர்லா தீம் பார்க். எங்களோடு வந்தது பதின்மூன்று வயது மகன், எட்டு வயது மகள், பிள்ளைகளின் அம்மாச்சி.

படி 1: இஞ்ச் டேப்பை எடுங்கள்

டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் பிள்ளைகளைச் சுவரோரம் நிறுத்தி அளந்துவிடுங்கள். செருப்பில்லாமல், கொண்டை போடாமல், சென்டிமீட்டரில். வொண்டர்லாவில் பிள்ளைகளுக்கான கட்டணத்தை வயது பார்த்துப் போடுவதில்லை, உயரம் பார்த்துத்தான் போடுகிறார்கள். பெரிய ரைடுகள் பலவற்றுக்கு 140 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். 138 இருக்கும் பிள்ளையிடம் "கேட்டுப் பார்ப்போம்" என்று ஆசை காட்டாதீர்கள். அந்தக் கோடு பாதுகாப்புக்காக வரைந்தது. இருக்கையின் தடுப்புக்கம்பி அந்த உயரத்துக்கு ஏற்பத்தான் உடம்பைப் பிடிக்கும்.

அளந்த பிறகு பிள்ளைகளை உட்காரவைத்துப் பேசுங்கள். பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடுக்கும் உயரக் கணக்கு இருக்கும். என் மகளுக்கு அதைக் காட்டி, அவளால் ஏற முடிந்தவற்றை ஒரு தாளில் அவள் கையாலேயே எழுதச் சொன்னேன். பதினொன்று வந்தது. அந்தத் தாளை அவள் மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள். அண்ணன் ஏறியதில் தன்னால் ஏற முடியவில்லை என்று இந்தமுறை ஒருதடவைகூடச் சொல்லவில்லை.

பெரியவர்களுக்கும் அளவு உண்டு. ரத்த அழுத்தம், இதய நோய், முதுகுவலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேகமான ரைடுகளில் ஏறவே கூடாது.

படி 2: எந்தப் பூங்கா?

நம் மாவட்டத்துக்குக் கிட்டே இருப்பது கொச்சி வொண்டர்லாதான். 2000ஆம் ஆண்டில் வீகாலாண்ட் என்ற பெயரில் தொடங்கிய அதே இடம். இளவட்டங்கள் மட்டும் போவதென்றால் கொச்சியே போதும். ஆனால் வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் வந்தால் நான் பெங்களூருவைத்தான் சொல்வேன். 2005இல் பிடதிக்குப் பக்கத்தில், மைசூரு சாலையை ஒட்டி, 82 ஏக்கரில் திறந்தார்கள். 2012இல் அந்த வளாகத்திலேயே ரிசார்ட்டும் வந்துவிட்டது. மதியம் அம்மாச்சிக்குக் கால் கடுத்தால் அறைக்குப் போய்ப் படுக்கலாம். ரிசார்ட் எடுப்பதற்கு இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

படி 3: தேதி

இதில் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. பலர் அதைக் கவனிப்பதில்லை.

நமக்கென்று சில உள்ளூர் விடுமுறைகள் உண்டு. கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு டிசம்பர் 3, மாசியில் மண்டைக்காடு பகவதி அம்மன் கோயில் கொடைவிழா. இந்த நாட்களில் நமக்குத்தான் லீவு, பெங்களூருவில் பள்ளி நடக்கும். அதனால் பூங்காவில் வரிசை குறைவு. கொடை செவ்வாய்க்கிழமை வரும், வெயிலும் தொடங்கியிருக்கும், தண்ணீரில் இறங்கச் சுகமாக இருக்கும். நாங்கள் போனது அப்போதுதான். டிசம்பரில் போனால் கூட்டம் குறைவு என்பது சரி, ஆனால் பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடற்கரை வெக்கையில் வளர்ந்த நம் பிள்ளைகளுக்குச் சாயங்காலக் காற்றில் உதடு நீலம் பாய்ந்துவிடும்.

நவம்பர் 1 வேண்டாம். 1956இல் குமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்த நாள் என்று நமக்கு விடுமுறை விடுகிறார்கள். அதே மாநிலச் சீரமைப்பில் உருவான கர்நாடகத்துக்கும் அதுதான் ராஜ்யோத்சவ நாள், அங்கேயும் லீவு. சிவராத்திரியும் அப்படியே, இரண்டு பக்கமும் விடுமுறை. தசரா சமயத்தில் மைசூரு சாலையில் காலே வைக்காதீர்கள். கோடை விடுமுறையில்தான் போக முடியும் என்றால் மே கடைசி, ஜூன் தொடக்கத்தைப் பாருங்கள். கர்நாடகப் பள்ளிகள் பொதுவாக நமக்குக் கொஞ்சம் முன்னாலேயே திறந்துவிடும்.

சனி, ஞாயிறு கட்டணமும் கூடுதல், கூட்டமும் கூடுதல். வார நாளில் போவதற்காகப் பள்ளியில் மூன்று நாள் லீவு எழுதிக் கொடுத்தோம். அதில் எனக்கு மனக்குறை எதுவும் இல்லை.

படி 4: ரயில்

முன்பதிவு 60 நாளுக்கு முன் காலை 8 மணிக்குத் திறக்கும். ஐலண்ட் எக்ஸ்பிரஸ் காலையில் கன்னியாகுமரியில் கிளம்பி, நாகர்கோவில், குழித்துறை, திருவனந்தபுரம், எர்ணாகுளம் வழியாக மறுநாள் காலை பெங்களூரு கே.எஸ்.ஆர். நிலையத்துக்குப் போகிறது. நாகர்கோவிலிலிருந்து மாலையில் கிளம்பி மதுரை, சேலம் வழியாகப் போகும் ரயிலில் நேரம் மிச்சம். ஆனால் இறங்கும் நிலையத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். பையப்பனஹள்ளிப் பக்கத்தில் உள்ள எஸ்.எம்.வி.டி. நிலையத்தில் இறங்கினால், பிடதி பெங்களூருவின் மறுகோடியில் இருக்கும். கே.எஸ்.ஆரில் இறங்கினால் அங்கிருந்தே மைசூரு பக்கம் போகும் ரயிலில் பிடதிக்குப் போகலாம், இல்லையென்றால் ஊதா வழித்தட மெட்ரோவில் மைசூரு சாலைப் பக்கம் வந்துவிடலாம். பெட்டியும் அம்மாச்சியும் இருந்ததால் நாங்கள் வாடகைக் கார் எடுத்தோம்.

ஐந்து வயது முடிந்த பிள்ளைக்குத் தனிப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம். வயதைச் சரியாகப் போடுங்கள். 45 தாண்டிய பெண்களுக்கு, இடம் இருந்தால், கீழ்ப் படுக்கை தானாகவே கிடைக்கும்.

படி 5: அறை எடுக்கும் முன் போனில் கேட்க வேண்டியவை

போனைக் கையில் எடுக்கும்போதே ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொள்ளுங்கள். அறைக் கட்டணத்தில் பூங்கா நுழைவு சேர்ந்திருக்கிறதா, எத்தனை நாளுக்கு? சொல்கிற தொகையில் ஜி.எஸ்.டி. அடக்கமா? காலைச் சாப்பாடு உண்டா? மூன்றாவது ஆளுக்குக் கூடுதல் படுக்கைக்கு எவ்வளவு? பூங்காவிலிருந்து அறைக்கு வந்துவிட்டுத் திரும்ப உள்ளே போகலாமா? கடைசிக் கேள்வியை மறக்கவே கூடாது. மீண்டும் போக முடியாதென்றால் ரிசார்ட் எடுத்ததில் பாதிப் பயன் போய்விடும்.

நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்கூட்டியே எடுப்பது நல்லது. மூத்தவர்களுக்கு, மாணவர்களுக்கு என்று சலுகை இருக்கும். ஆதாரும் பள்ளி அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். வரிசையில் நிற்காமல் போக பாஸ்ட்ராக் என்று கூடுதல் விலையில் ஒரு சீட்டு விற்கிறார்கள். வார நாளில் அது தேவையில்லை என்பது என் கருத்து. அந்தக் காசுக்கு மதியம் நன்றாகச் சாப்பிடலாம்.

படி 6: ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை

இதை யாரும் சொல்லித் தரவில்லை, நாங்களே செய்து பார்த்தது. போவதற்கு மூன்று வாரத்துக்கு முன் எல்லோரையும் மாத்தூர் தொட்டிப் பாலத்துக்குக் கூட்டிப்போனேன். கீழே பறளியாறு, மேலே 115 அடியில் வாய்க்காலைச் சுமக்கும் பாலம். வாய்க்காலை ஒட்டிய நடைபாதையில் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்கச் சொன்னேன். மகள் பாட்டுப் பாடிக்கொண்டு போனாள். எதற்கும் பயப்படாதவன் என்று நாங்கள் நினைத்திருந்த மகன், பாதியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான். உள்ளங்கை ஈரமாக இருந்தது. "கீழே பார்க்கண்டாம் மக்களே, என்னைப் பாரு" என்று அம்மாச்சிதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.

அது தெரிந்தது எவ்வளவு உபகாரமாகப் போயிற்று என்று பிடதியில்தான் புரிந்தது. அங்கே ஸ்கை வீல் என்று மாத்தூரையும் மிஞ்சும் உயரத்தில் ஒன்று சுழல்கிறது. அவனை யாரும் வற்புறுத்தவில்லை. உயரம் வேண்டாம், வேகம் போதும் என்று அவனே முடிவெடுத்து, முன்னும் பின்னுமாக ஓடும் ரீகாயில் ரோலர் கோஸ்டரில் இரண்டு தடவை ஏறினான்.

தண்ணீர்ப் பயத்துக்குத் திற்பரப்பு அருவி இருக்கிறது. தலை சுற்றுமா, வாந்தி வருமா என்று பார்க்க ஊர்க்கோயில் திருவிழா ராட்டினமே போதும். ராட்டினத்தில் குமட்டல் வரும் பிள்ளையென்றால் மாத்திரையைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

படி 7: துணி, நகை

பருத்தித் துணியோடு நீர்ச்சறுக்கில் விடமாட்டார்கள். நைலான், பாலியெஸ்டர், லைக்ரா போன்றவைதான். பருத்தி தண்ணீரைக் குடித்துக் கனக்கும், நூல் பிரிந்து வடிகட்டியில் போய் அடைக்கும். சேலை, துப்பட்டா, தொளதொள உடுப்பு சறுக்கில் சிக்கிவிடும். பெண்களுக்கு முழுக்கை, முழுக்கால் நீச்சலுடை கிடைக்கிறது. ஊரிலேயே வாங்கி, ஒருமுறை நனைத்துப் போட்டுப் பாருங்கள். நனைந்தபின் உடம்பில் எப்படி நிற்கிறது என்பது முக்கியம். பூங்கா வாசலில் அவசரத்தில் வாங்கினால் அளவும் சேராது, மனமும் ஒப்பாது.

அடுத்து நகை. நம் பெண்களிடம் இதைச் சொல்வது கஷ்டம் என்று தெரியும். தாலிச் செயினைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு மஞ்சள் கயிற்றோடு வாருங்கள். அலைக்குளத்தில் ஒரு அலை போதும், கொக்கி கழன்றால் தேடவே முடியாது. கழற்ற மனமில்லாதவர்கள் தண்ணீரில் இறங்காமல் கரையில் இருப்பதே நல்லது. கம்மல், கொலுசு எல்லாவற்றுக்கும் இதே பேச்சுதான். கண்ணாடி போடுபவர்கள் பின்னால் கட்டும் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள்.

படி 8: சாப்பாடு

வெளிச் சாப்பாட்டைப் பூங்காவுக்குள் விடமாட்டார்கள். ரயிலுக்கும் அறைக்கும் வேண்டியதைக் கட்டிக்கொள்ளுங்கள். முந்திரிக்கொத்து நாலைந்து நாள் கெடாது, ஏத்தங்காய் சிப்ஸும் அப்படித்தான். மட்டிப்பழம் கொண்டு போனால் முதல் நாளே தீர்த்துவிடுங்கள். அதன் தோல் மெலிசு, பைக்குள் நசுங்கிவிடும். பூங்காவுக்குப் போகிற காலையில் இட்லி, அதுவும் வயிறு முட்ட வேண்டாம். புரோட்டாவை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 9: அந்த நாள்

ரயிலிறங்கிய அன்றே பூங்காவுக்குள் போகாதீர்கள். திங்கள் காலை வந்து, தூங்கி, ரிசார்ட் நீச்சல் குளத்தில் பிள்ளைகளை விட்டோம். செவ்வாய்தான் பூங்கா.

காலை 11 மணிக்குத் திறக்கும். அரை மணிநேரம் முன்னாலேயே வாசலில் நில்லுங்கள். உள்ளே போனதும் எல்லோரும் ஓடுகிற முதல் ரைடுக்கு ஓடாமல், தூரத்தில் இருக்கும் பெரிய ரைடுகளில் ஆரம்பியுங்கள். அங்கே வரிசை சேர நேரமாகும். நீர்ப்பகுதி தாமதமாகத் திறந்து பூங்கா மூடும் முன்பே மூடிவிடும். அதனால் காலையில் தரை ரைடுகள், லேசாகச் சாப்பிட்டுவிட்டு மதியம் தண்ணீர், உடுப்பு மாற்றியபின் மிச்சம் இருப்பவை. சாப்பிட்ட கையோடு சுற்றுகிற எதிலும் ஏறாதீர்கள்.

சந்திக்கும் இடம் ஒன்றை முதலிலேயே முடிவு செய்யுங்கள். போனை லாக்கரில் வைத்துவிட்டால் கூப்பிட வழியிருக்காது. நாங்கள் ஒரு மரத்தடி பெஞ்சைக் குறித்துக்கொண்டோம், இரண்டு மணிக்கு எல்லோரும் அங்கே வந்துவிட வேண்டும் என்று பேச்சு. மகளின் முழங்கையின் உட்பக்கத்தில் அழியாத பேனாவால் எங்கள் எண்ணை எழுதியிருந்தேன்.

அலைக்குளம் தொடங்கும்போது சங்கு ஊதுவதுபோல ஒரு சத்தம் வந்தது. முட்டம் கடலைப் பார்த்து வளர்ந்த அம்மாச்சி, "நான் இங்ஙன இருந்துக்கிடுதேன், நீங்க போங்க" என்று ஓரத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் காலை நீட்டினாள். தண்ணீர் கணுக்காலைத் தொட்டுத் தொட்டுப் போனது. மூன்றாவது அலைக்குத் தானே ஓரடி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

நாலு மணிக்கு அவளை அறைக்கு அனுப்பிவிட்டோம். பிள்ளைகள் மூடும்வரை இருந்தார்கள்.

படி 10: திரும்புதல்

பூங்காவை முடித்த அதே இரவில் ரயில் ஏறத் திட்டமிடாதீர்கள். சாயங்காலம் மைசூரு சாலை நெரிசலை நம்பி ரயிலைப் பிடிக்க முடியாது. அன்றிரவும் தங்கி, புதன்கிழமை காலை பிடதியில் தட்டு இட்லி சாப்பிட்டோம். ஒரு இட்லியே தட்டளவு, மேலே வெண்ணெய், பக்கத்தில் சட்னி. நேரம் இருந்ததால் அதே சாலையில் இன்னும் உள்ளே போய், சன்னபட்டணத்தில் அரக்கு பூசிய மரப் பொம்மை வாங்கினோம். மாலை ரயிலுக்கு கே.எஸ்.ஆர். நிலையத்துக்கு இரண்டு மணிநேரம் முன்னதாகவே வந்து சேர்ந்துவிட்டோம்.

நனைந்த நீச்சலுடைகளை நன்றாகப் பிழிந்து, தனி பிளாஸ்டிக் உறையில் போட்டு, பெட்டியின் மேலாகவே வையுங்கள். அடியில் வைத்தால் ஊர் வந்து சேர்வதற்குள் மற்ற துணியெல்லாம் நாற்றம் பிடித்துவிடும்.